தோள் உயரத்தில் ஒரு கல்

இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் மூன்றாவது கல்லைக் கிடத்தினால் சுமைதாங்கி. அவ்வளவுதான் அதன் கட்டுமானம். சிற்பம் இருக்காது, கூரை இருக்காது. கோபுரம் பார்க்கப் போகும் வழியில் நாம் அதைத் தாண்டித்தான் போயிருப்போம். நின்று பார்த்திருக்க மாட்டோம். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது அதன் உயரத்தைத்தான்.

வழிப்போக்கர் உட்காரக் கல் போடுவதென்றால் முழங்கால் உயரம் போதும். செலவும் குறைவு, வேலையும் குறைவு. சுமைதாங்கி போட்டவர்கள் அப்படிச் செய்யவில்லை. குறுக்குக் கல்லை நெஞ்சுக்கு மேலே, தோளை ஒட்டிய உயரத்துக்கு ஏற்றினார்கள். அவ்வளவு கனமான கல்லை அந்த உயரத்துக்குத் தூக்கி வைக்க எத்தனை பேர் வேண்டும், எத்தனை கயிறு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஏன் இந்தப் பாடு?

தலைச்சுமை தூக்கிப் பழகியவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். சுமையோடு நடப்பதில் பெரிய கஷ்டமில்லை. சும்மாட்டைச் சரியாகச் சுற்றி வைத்து, கழுத்தை நேராகப் பிடித்துக்கொண்டால், உடம்பு ஒரு தாளத்துக்கு வந்துவிடும். ஏற்றுவதும் இறக்குவதும்தான் கஷ்டம். இரண்டுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். வயலில் புல்லுக்கட்டு கட்டியவள் வரப்பில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். "ஒரு கை கொடுங்கண்ணே" என்பாள். வந்தவர் ஒரு பக்கம் பிடிப்பார், இவள் ஒரு பக்கம் பிடிப்பாள், முழங்காலை மடக்கித் தலையைக் கொடுத்து நிமிர்வாள். என் அப்பாயி அப்படிச் சுமந்தவள். வழியில் இளைப்பாற மாட்டாயா என்று நான் கேட்டபோது, "கீழ போட்டா யாரு தூக்கி விடுவா?" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தக் கல் புரிந்தது. தனியாக நடப்பவர் களைத்துப் போனாலும் நிற்க முடியாது. இறக்கினால் மறுபடி ஏற்ற ஆள் கிடையாது. அதனால் கழுத்து எரிந்தாலும், நாக்கு வறண்டாலும் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். விறகுக் கட்டாவது பரவாயில்லை, தொப்பென்று போட்டுவிடலாம். தயிர்ப்பானை சுமப்பவள் என்ன செய்வாள்? மண்சட்டிக் கூடை சுமப்பவள்?

சுமைதாங்கி இருக்கும் இடத்தில் அவள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கல்லை ஒட்டி வந்து நிற்க வேண்டும். முழங்காலைச் சற்று மடக்கினால் கூடையின் அடி கல்லில் உட்காரும். தலையை வெளியே எடுத்துவிடலாம். குளத்தில் இறங்கி முகம் கழுவலாம், மரத்தடியில் கண்ணயரலாம், வெற்றிலை போடலாம். புறப்படும்போது மறுபடி வந்து, சும்மாட்டோடு தலையைக் கூடைக்கு அடியில் கொடுத்து நிமிர்ந்தால் சுமை தலைக்கு வந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டாம். கையெடுத்துக் கும்பிட வேண்டாம். அங்கே இல்லாத அந்த இரண்டாவது ஆளின் வேலையை அந்தக் கல் செய்கிறது. உயரம் ஒரு முழம் குறைந்திருந்தால் இது நடக்காது. அது வெறும் பலகைக் கல்லாகப் போயிருக்கும்.

இந்தக் கல்லை யாருக்காக நட்டார்கள் என்பது பல ஊர்களில் இன்னும் மறக்காத செய்தி. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நட்டது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாள். ஊரார் தங்கள் சுமையை இந்தக் கல்லில் இறக்க இறக்க அவளுக்கும் பாரம் குறையும் என்பது நம்பிக்கை.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அதில் பயமும் கலந்திருந்ததுதான். கர்ப்பிணியாகச் செத்தவள் அமைதியில்லாமல் அலைவாள் என்ற பயம். ஆனால் அந்தப் பயம் எந்த வழியில் போயிருக்கிறது என்று பாருங்கள். செத்தவள் மேல் பழி போடவில்லை. அவளை விரட்டப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கரின் கழுத்து வலியை நினைத்துக்கொண்டது. வீட்டில் ஒரு ஆள் குறைந்தபோது வழியில் ஒரு ஆளைக் கூட்டிவிட்டுப் போனார்கள். துக்கம் இத்தனை துல்லியமாகக் கணக்குப் போட்ட இன்னொரு இடத்தை நான் அறியேன்.

நான் சாமி கும்பிடுகிறவன். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்கிறவன். ஆனால் நம்பிக்கை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இந்தக் கல்லைத்தான் காட்டத் தோன்றுகிறது. யார் வருவார்கள், எப்போது வருவார்கள், என்ன சுமந்து வருவார்கள் என்று ஒன்றும் தெரியாமல், கட்டாயம் யாரோ வருவார்கள் என்ற நிச்சயத்தோடு அவர்கள் உயரத்துக்குக் கல்லைத் தூக்கி வைப்பது.

கல்லின் இடமும் கவனித்து ரசிக்க வேண்டியது. ஊர் நடுவில் சுமைதாங்கி வைத்துப் பயனில்லை. அங்கே கைகொடுக்க ஆள் இருக்கும். ஊர் முடிந்து, அடுத்த ஊர் தொடங்காத வெளியில்தான் அது வேண்டும். சந்தைக்குப் போகும் பாதையில், கழுத்து கெஞ்சத் தொடங்கும் தூரத்தில். பக்கத்தில் ஒரு ஆலமரமோ புளியமரமோ, கொஞ்சம் தள்ளி ஒரு குளமோ ஊருணியோ இருக்கும். சுற்றிலும் தரை மட்டமாக இருக்க வேண்டும். சரிவில் நின்றுகொண்டு தலைச்சுமையை நகர்த்த முடியாது. இவற்றையெல்லாம் ஒருவர் நின்று பார்த்துத்தான் முடிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் சுமையோடு நடந்தவராகவும் அவர் இருந்திருக்க வேண்டும்.

பழைய கல்லில் கையை வைத்துப் பாருங்கள். பக்கங்களில் உளி விட்ட பொளிவுகள் இன்னும் சொரசொரவென்று இருக்கும். மேல்முகம் வழவழப்பாக இருக்கும். கல்தச்சர் இழைத்ததால் வந்ததில்லை அந்த வழவழப்பு. கூடையின் அடியும் மூட்டையின் சாக்கும் உரசி உரசி வந்தது. சில கற்களின் முகப்பில் பெயர் வெட்டியிருக்கும்: இறந்தவளின் பெயர், அல்லது கல்லைப் போட்டவரின் பெயர். பட்டாவிலும் பத்திரத்திலும் பெயர் ஏறாத பெண்களின் காலத்தில், பாதையோரத்துக் கல்லில் ஒருத்தியின் பெயர் ஏறியது சின்ன விஷயமில்லை. பெரும்பாலான கற்களில் எழுத்தே கிடையாது. யாருக்காக என்று கல்லுக்கும் தெரியாது, சுமை இறக்கியவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சத்திரத்துப் பந்தியில் சாதி பார்த்தார்கள். கிணற்றில் சாதி பார்த்தார்கள். கோயில் வாசலில் பார்த்ததைச் சொல்லவே வேண்டாம். நம் பழைய தர்மங்களைப் பாராட்டும்போது இதை மறைத்துவிட்டுப் பாராட்டினால் அது பாராட்டாகாது. சுமைதாங்கிக்குக் கதவு கிடையாது, பரிமாறுகிறவர் கிடையாது, வாசல் காப்பவர் கிடையாது. தடுத்து நிறுத்த ஆளே இல்லாத ஒரு கொடை. திட்டமிட்டு அப்படி அமைத்தார்களா, தானாக அமைந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அமைந்திருக்கிறது என்பதே எனக்கு ஆறுதல்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் இந்தக் கல்லுக்குத் துணையாக மற்றவையும் இருந்திருக்கின்றன: கேணி, மடம், ஆவுரஞ்சிக்கல். பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. தெருவே அந்த மடத்துக்குள் புகுந்து போகிறது. இரண்டு பக்கமும் திண்ணை, மேலே கூரை, நடுவில் சாலை. மடத்தைத் தேடி வழிப்போக்கர் விலகிப் போக வேண்டாம். போகிற வழியிலேயே நிழல் வந்து கவிந்துகொள்ளும். கேரளத்தில் சுமைதாங்கிக்கு அத்தாணி என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஊர்கள் இருக்கின்றன. கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அத்தாணி. பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வருகிறவர்களில் பலர் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

ஆவுரஞ்சிக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குளத்தோரமாக, மந்தை போகும் வழியில் நட்டு வைத்த ஒற்றைக் கல். மாட்டுக்குக் கழுத்தில் தினவெடுத்தால் என்ன செய்யும்? வாலுக்கு எட்டாது, நாக்குக்கு எட்டாது. கல்லில் போய் உரசிக்கொள்ளும். சுமைதாங்கிக்கு உயரம் எப்படியோ, இதற்குச் சொரசொரப்பு அப்படி. இழைக்காமல் விட வேண்டும்; ஆனால் தோலைக் கிழிக்கும் கூர்முனையும் இருக்கக் கூடாது. பசுவுக்குப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது யாருக்கும் தோன்றும். அதற்கு அரிக்கும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த மனசைத்தான் நான் கும்பிடுகிறேன்.

முப்பத்திரண்டு அறங்கள் என்று நம் மரபில் ஒரு பட்டியல் உண்டு. காஞ்சி காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு அத்தனை அறத்தையும் வளர்த்தாள் என்பது புராணம். திருவையாற்றில் அம்பாளுக்கே அறம்வளர்த்த நாயகி என்றுதான் பெயர். நூலுக்கு நூல் பட்டியல் கொஞ்சம் மாறும். சோறு, தண்ணீர்ப் பந்தல், மடம், மருந்து, சோலை, குளம் எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. அந்தப் பெரிய வரிசைக்கு நடுவில், சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன அறங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். கண்ணாடி. காதோலை. தலைக்கு எண்ணெய். சுண்ணாம்பு.

பசித்தவருக்குச் சோறு போட்டவுடன் கடமை முடிந்தது என்று நினைப்பவர் எழுதிய பட்டியல் இல்லை இது. வயிறு நிறைந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு முகம் பார்த்துக்கொள்ளத் தோன்றும். பார்க்கும்போது காது வெறுமையாய் இருப்பது உறுத்தும். தலை எண்ணெய் காணாமல் வறண்டிருப்பது தெரியும். ஏழைக்கு உயிர் மட்டும் போதும், அழகு வேண்டாம் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. சுண்ணாம்பு இன்னும் நுட்பம். வெற்றிலை இருக்கும், பாக்கு இருக்கும், ஒரு துளி சுண்ணாம்பு இல்லாவிட்டால் இரண்டும் வீண். வெற்றிலை போடுகிறவருக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். அதே பட்டியலில் சிறையில் இருப்பவர்களுக்குச் சோறு உண்டு. ஏன் உள்ளே போனார்கள் என்று விசாரிக்காத சோறு. தாயில்லாத சிசுவுக்குப் பால் வார்ப்பது உண்டு. ஆதரவற்றவர் பிணத்தைச் சுடுவதும் உண்டு.

கொடுக்கிறவர் வாங்குகிறவரின் உடம்புக்குள் ஒரு நிமிஷம் போய் வந்தால்தான் இந்த மாதிரிக் கொடை பிறக்கும். இதற்கு மதம் ஒன்றும் குறுக்கே நிற்பதில்லை. ரமலான் மாதத்தில் பிற்பகலானால் பள்ளிவாசலில் தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நோன்பு வைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் இல்லை, தெருவில் உள்ள எல்லா வீட்டுப் பிள்ளைகளும். அந்தக் கஞ்சியின் பக்குவத்தைக் கவனியுங்கள். குழைந்த அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், வெந்தயம், பூண்டு. விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காத வயிற்றில் எது முதலில் இறங்க வேண்டும் என்று யோசித்துச் சேர்த்த சேர்மானம். வெந்தயம் சூட்டைத் தணிக்கும், பூண்டு வாயுவை அடக்கும் என்பார்கள் எங்கள் தெரு ஆச்சிமார்களும். பிரியாணி போடத் தெரிந்த கைதான், அந்த நேரத்துக்குக் கஞ்சி காய்ச்சுகிறது.

தேவாலயங்களில் சுற்றி வரும் காணிக்கைப் பையும் அப்படித்தான். தட்டு வைத்தால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஆழமான துணிப்பையில் மூடிய கை உள்ளே போய், திறந்து, வெளியே வந்துவிடுகிறது. காசானாலும் சத்தம் போடாது, நோட்டானாலும் காட்டிக்கொடுக்காது. ஒன்றுமே போட முடியாத வாரத்தில்கூட ஒருவர் பைக்குள் கையை விட்டு எடுத்துவிடலாம். இல்லாதவரின் மானத்தையும் சேர்த்துத் தைத்த பை அது.

வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வைத்தபோது மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை. அணையாத தீயை அதிசயமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது அதிசயத்தைவிடப் பெரிது. நேரம் தப்பி ஒரு வீட்டில் போய்ச் சோறு கேட்பதில் என்ன கூச்சம் என்பது கேட்டவருக்குத்தான் தெரியும். பாத்திரம் கவிழ்த்தாயிற்று, அடுப்பு அணைந்தாயிற்று, இனி எனக்காக ஒருவர் எழுந்து தீ மூட்ட வேண்டும் என்ற கூச்சம். அடுப்பு அணையவே இல்லையென்றால் தாமதமாக வந்தவர் என்று ஒருவரும் இல்லை. பசித்தவர் வந்த நேரம்தான் சரியான நேரம். சாதி சமயம் கேட்காமல் சோறு என்பது வள்ளலார் சொன்ன விதி. கூச்சமே இல்லாமல் சோறு என்பது அந்த அடுப்பு செய்யும் உபகாரம்.

இப்போது யாரும் சுமைதாங்கி நடுவதில்லை. மூட்டைகள் வண்டியில் போகின்றன. சாலையை அகலப்படுத்தும்போது பல கற்கள் பெயர்ந்து எங்கேயோ கிடக்கின்றன, சிலவற்றில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் புதிதாக நட வேண்டிய தேவை குறைந்ததற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. பிரசவத்தில் பெண்கள் சாவது குறைந்திருக்கிறது. 2018–20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுக்கச் சேர்த்தால் அது 97. ஆரம்ப சுகாதார நிலையங்களில் எந்த நேரத்திலும் பிரசவம் பார்க்க ஷிப்ட் முறையில் நர்சுகள் இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்பாயி காலத்தில் கல் நட்ட குடும்பங்கள் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? சாமத்தில் வலி கண்டு வருகிறவளுக்காக விளக்கை எரியவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த நர்சம்மாவைத்தான் முதலில் கும்பிட்டிருப்பார்கள்.

பழைய பட்டியலில் இருந்த சிசுவுக்குப் பால் வார்க்கும் அறமும் உருமாறி வந்துவிட்டது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. தன் பிள்ளைக்குப் போக மிஞ்சும் பாலை ஒருத்தி கொடுத்துவிட்டுப் போகிறாள். எடை குறைவாகப் பிறந்து, தாயிடம் குடிக்க முடியாமல் கிடக்கும் வேறொரு பிள்ளைக்கு அது போய்ச் சேர்கிறது. அந்தப் பிள்ளை யாரென்று கொடுத்தவளுக்குத் தெரியாது.

சுமை இறக்க இடமில்லாதவர்கள் இன்று யார் என்று யோசித்தால் எனக்குத் துணிக்கடைப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை நின்றுகொண்டே புடவை விரித்தவர்கள். தலையில் கூடை இல்லை; சுமை முழுவதும் காலில், நரம்பு சுருண்ட கெண்டைக்காலில். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். நெடுநாளைக்குப் பிறகு நம் நாட்டில் யாரோ மறுபடி ஒரு சுமைதாங்கி நட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

தகுந்த இருக்கை என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. உயரத்தைக் கடைக்காரர்தான் பார்க்க வேண்டும். தாழ்ந்த ஸ்டூல் போட்டால் உட்கார்ந்தவள் மேசைக்குப் பின்னால் மறைந்துபோவாள். வாடிக்கையாளர் வந்ததே தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் உட்காரவே மாட்டாள். பேருக்கு ஒரு மூலையில் போட்டு வைத்தாலும் உட்கார மாட்டாள். அவள் பாதம் படிய ஒரு கட்டை வேண்டும். எட்டினால் அலமாரியின் இரண்டாம் தட்டு கைக்கு வர வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் ஒரு நாள், ஆடித் தள்ளுபடி நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மேசைக்குப் பின்னால் தாங்களே நின்று புடவை விரித்துப் பார்க்கட்டும். தச்சருக்குச் சொல்ல வேண்டிய அளவு அன்று சாயங்காலம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.